லவுட்ஸ்பீக்கரின் மனைவி படித்த படிப்பு

அவள் கணவர் காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவர். ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி லாரி வரைக்கும் கேட்கும் குரல் என்பதால் சந்தையில் அவருக்கு 'லவுட்ஸ்பீக்கர்' என்றுதான் பெயர். வீட்டிலும் அப்படித்தான், குழம்பில் உப்பு குறைந்தால் தெருமுனைக்குத் தெரிந்துவிடும். அந்த மனிதர் ஒரு காலையில் முகம் கழுவப் போய் குழாயடியிலேயே சாய்ந்தார். பக்கவாதம். கையும் காலும் ஓரளவு திரும்பின, பேச்சு திரும்பவில்லை. சொல்வதெல்லாம் புரிந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் "ம்... ம்..." என்ற முனகல்தான் வந்தது, கூடவே கண்ணில் தண்ணீரும்.

"இதுக்கு மேல எவ்வளவு வரும்னு சொல்ல முடியாதும்மா. பழகிக்கப் பாருங்க," என்றார் டாக்டர்.

பழகிக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள் அவள். படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. கடைக்குத் துணி கொண்டுவரும் நர்ஸ் ஒருத்தி, பெரிய பெரிய பல்கலைக்கழகங்களின் பாடங்களை போனிலேயே இலவசமாகப் படிக்கலாம் என்று காட்டிக்கொடுத்தாள். அன்றைக்கே மூளையைப் பற்றிய வகுப்பில் சேர்ந்தாள். அதில் மொழியியல் என்று ஒரு சொல் வந்தது. அந்த வகுப்பிலும் சேர்ந்தாள். அப்புறம் உடற்கூறு, உளவியல், பேச்சுப் பயிற்சி, இசையும் மூளையும். ஆராய்ச்சிக் கட்டுரை புரிய வேண்டுமானால் புள்ளியியல் தெரிய வேண்டுமாம், அதையும் விடவில்லை. எதில் வழி இருக்கிறதென்று யார் கண்டது? தான் விட்ட வகுப்பிலேயே அது இருந்துவிட்டால்?

பாடமெல்லாம் ஆங்கிலம். திரையின் கீழே ஓடிய தமிழை இயந்திரம் மொழிபெயர்த்திருந்தது. பக்கவாதத்துக்கான 'ஸ்ட்ரோக்' என்ற சொல்லை வருடல் என்று எடுத்துக்கொண்டு, நோயாளியின் மூளையை யாரோ வருடிவிட்டதாக அது சொன்னபோது முதல் நாள் சிரித்தாள். பிறகு சிரிக்க நேரமில்லை. ஒரு வகுப்பின் தேர்வை எழுதி முடிப்பதற்குள் இன்னொன்றின் கெடு தாண்டிவிடும். போனைத் திறந்தாலே சிவப்பு சிவப்பாக எச்சரிக்கை. நரம்பின் பெயரை மொழியியல் தேர்விலும் எழுத்தொலியை உடற்கூறுத் தேர்விலும் எழுதிவைத்தாள்.

கடையில் ஒற்றைக் காதில் பாடம் ஓடிக்கொண்டிருக்க, ஒரு வெள்ளைக் கோட்டின் முதுகில் இஸ்திரிப் பெட்டி நின்றுவிட்டது. கருகிய வாடை வந்த பிறகுதான் போனிலிருந்து கண்ணை எடுத்தாள். "காதுல இருக்கிறத கழட்டு. கழட்ட முடியலன்னா நாளைக்கு வராத," என்றாள் கடைக்காரி.

வீட்டில் படித்ததையெல்லாம் அவர்மேல் செய்து பார்த்தாள். கரண்டியைத் தூக்கிக் காட்டி, "இது என்னங்க? க... சொல்லுங்க, க..." என்பாள். வரவில்லையென்றால் பாடுவாள். பாட்டும் பலிக்கவில்லையென்றால் தாளம் போடுவாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

உதவிக்கு வந்து தங்கியிருந்த நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "அண்ணி, எங்க அண்ணன் என்ன எலியா? தினம் ஒண்ணு செஞ்சு பாக்கறீங்களே."

பேச்சுப் பயிற்சி வகுப்பின் கேள்விப் பக்கத்தில் ஒருநாள் துணிந்து எழுதினாள்: என் கணவர் மறுபடியும் பேசுவாரா? பதில் வந்தது. கேள்விக்கு நன்றி, நான்காவது பாடத்தைப் பார்க்கவும். அந்தப் பாடம் அவளுக்கு ஏற்கெனவே தலைகீழ்ப் பாடம். குளியலறைக்குப் போய், அவருக்குக் கேட்காதபடி குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

மறுநாள் கரண்டியைக் காட்டியபோது அவர் அதைத் தட்டிவிட்டார். அவளுக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. "உங்களுக்காகத்தானே தலைய உடைச்சுக்கறேன்? உங்களுக்குப் பேசணுங்கற எண்ணமே இல்ல. மரம் மாதிரி இப்படியே கெடங்க."

"போடி," என்றார் அவர்.

கணீரென்று, பழைய குரலில். அடுப்படியிலிருந்து நாத்தனார் ஓடிவந்தாள். அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதாள், உடனே சந்தைக்கு போன் போட்டாள். "அண்ணன் பேசிட்டாரு. ஆமா, அண்ணியத் திட்டிட்டாரு."

அவள் மட்டும் அசையவில்லை. வசவு, ஒன்று இரண்டு என எண்ணுவது, பிரார்த்தனை, நாக்குக்குப் பழகிப்போன இவையெல்லாம் மூளையின் வேறொரு மூலையில் தங்கிவிடும், தானாக வந்துவிழும், அதைப் பேச்சு திரும்பியதாகக் கொள்ளக் கூடாது. படித்திருந்தாள். அந்த ஒரு கேள்விக்குச் சரியான விடைகூட எழுதியிருந்தாள். படிக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் நாத்தனாரோடு சேர்ந்து அழுதிருக்கலாம்.

அவர் இன்னும் ஏதோ சொல்ல முயன்றார். உதடு துடித்தது, கழுத்து நரம்பு புடைத்தது. "போடி," என்றார். தலையை ஆட்டினார், இது இல்லை, இது இல்லை என்பதுபோல. மறுபடி முயன்றார். "போடி." கண் நிறைந்துவிட்டது. அவள் முந்தானையால் துடைத்துவிட்டாள். நாத்தனாரிடம் எதுவும் சொல்லவில்லை.

அன்று மாலை, பேச்சுப் பயிற்சி ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற வகுப்புகளையெல்லாம் போனிலிருந்து எடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு மாதங்கள் ஓடிவிட்டன. தண்ணீருக்கும் போடிதான், வலிக்கும் போடிதான். குரல் ஏறி இறங்குவதை வைத்து எது எதென்று கண்டுகொள்கிறாள், சில நாள் தவறியும் போகிறது. ஏலத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

"இந்தத் தேர்வும் போச்சுங்க," என்றாள் ஒருநாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நல்ல கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, "போடி," என்றார்.