ஊமையன் பேசிய மூன்றாம் பாகம்

போன வாரம் அலுவலகத்துக்கு என் பெயரில் ஓர் அட்டைப்பெட்டி வந்தது. புதுப் படத்துக்கு விளம்பரம் செய்கிறவர்கள் பத்திரிகைக்காரர்களுக்கு அனுப்புகிற வகை. உள்ளே ஒரு சாண் உயரப் பிளாஸ்டிக் பொம்மை. நீளமான மேலங்கி, வாயை மறைத்துக் கட்டிய துணி, காலடியில் ஒரு பாறை. நான் பொம்மையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பாறையின் அடியைப் பார்த்தேன். நடுவில் வட்டமாக ஒரு துளை இருந்தது. பக்கத்து மேசைக்காரர் நான் விலைச்சீட்டைத் தேடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

ஞாயிறு இணைப்பைப் பார்த்துக்கொள்ளும் பெண் வந்து, "சார், நீங்க இதோட பழைய ரசிகராமே. அறுநூறு வார்த்தை குடுங்க" என்றார். கொடுத்தேன். அதில் எழுதியதெல்லாம் உண்மை. எழுதாமல் விட்டதும் உண்மைதான். அதை உங்களிடம் சொல்லலாம்.

படமாகவும் வீடியோ கேமாகவும் வந்த தொடர் அது. அதன் ஆங்கிலப் பெயரை விருத்தாசலத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஊமையன் படம், ஊமையன் கேம், அவ்வளவுதான். நாயகன் வாயில் துணி கட்டியிருப்பான், முதல் இரண்டு பாகங்களிலும் ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டான். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் அந்த இரண்டும் எங்கள் ஊர் தியேட்டருக்கு மொழிமாற்றம் செய்யப்படாமல் ஆங்கிலத்திலேயே வந்தன. மற்றவர்கள் பேசுவது எங்களுக்குப் புரியவில்லை. ஊமையன் பேசாததால் அவனை மட்டும் முழுக்கப் புரிந்தது. எங்கள் ரசனைக்கு ஆதாரமே இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அதைக் கலை என்று நினைத்தோம்.

'தோம்' என்றால் நானும் வேலுவும். இருவருக்கும் இருபது வயது. நான் அரசுக் கல்லூரியில் சரித்திரம் படித்துக்கொண்டிருந்தேன். படித்தேன் என்பதைவிட வருகைப் பதிவேட்டில் இருந்தேன் என்பது சரி. வேலு பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் விழுந்து, பீங்கான் தொழிற்பேட்டையில் பியூஸ் கட்டை செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். உங்கள் வீட்டு மீட்டர் பெட்டியில் வெள்ளையாக இருக்குமே, அதுதான். வேலை முடிந்து நேராக மாலைக் காட்சிக்கு வருவான். தலைமுடி, புருவம் எல்லாம் வெள்ளைத் தூசி. பின்வரிசையிலிருந்து ஒருவர், "யோவ் கோலமாவு, கொஞ்சம் தள்ளி ஒக்காரு, தும்மல் வருது" என்பார். வேலு திரும்பி அவர் பக்கமாகவே தலையை உதறுவான்.

இரண்டாம் பாகத்தில் ஒரு காட்சி. காயம்பட்ட எதிரியைத் தோளில் போட்டுக்கொண்டு ஊமையன் உப்பளத்தைக் கடப்பான். இசை கிடையாது. காலடியில் உப்பு நொறுங்குகிற சத்தம் மட்டும். கொல்லவேண்டியவனை ஏன் சுமக்கிறான் என்று வேலுவிடம் கேட்டேன். இரக்கம், மனிதநேயம் என்று நானே விடையும் வைத்திருந்தேன்.

"அதெல்லாம் இல்லடா. தூக்கிட்டு பொறவுதான் யோசிக்கிறான். கால பாரு, மொத பத்தடி வேகமா வெக்கிறான். அப்பறம் தயங்குறான். கீழ போட்டுட்டுப் போயிடலாமான்னு பாக்கறான்."

அடுத்த நாள் திரும்பப் போய்ப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. பத்தடி அல்ல, பன்னிரண்டு. பிற்பாடு பத்திரிகையில் சேர்ந்து, நான் நுணுக்கமாகப் பார்க்கிறவன் என்று பெயர் வாங்கினேன். அந்தப் பெயரில் பாதி அவனுடையது. மீதியும் அவனுடையதாக இருக்கலாம்.

கேமை நாங்கள் ஆடியது பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சாதிக் பாய் கடையில். மங்கலம்பேட்டைக்காரர். வளைகுடாவிலிருந்து திரும்பியபோது இரண்டு கேம் பெட்டிகளைக் கொண்டுவந்திருந்தார். சூடேறிய பழைய டிவியின் வாசமும் பாயின் அத்தர் வாசமும் கலந்த அந்தக் கடையில் பத்துப் பேர் நின்று பார்க்க, இருவர் ஆடுவார்கள். இரண்டாம் கேமில் ஒரு கலங்கரை விளக்கம் வரும். வாசலில் காவலாளி. யார் எந்தப் பொத்தானை எப்படி அடித்தாலும் அவனிடம் சாவுதான். ஊரே அங்கே தேங்கி நின்றது. ஒருநாள் வேலு ஷிப்ட் முடிந்து வந்து, ஆட்டத்தைத் தொடங்கிவிட்டு, கைப்பிடியைப் பிடித்தபடியே தூங்கிப்போனான். திரையில் ஊமையன் சும்மா நின்றான். காவலாளி கொஞ்ச நேரம் அவனையே பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டு நகர்ந்துவிட்டான்.

பாய் வேலுவை உலுக்கி எழுப்பினார். "பதினோரு நாளா அடிச்சிக்கிட்டு சாவுறானுங்க. தூங்கியே ஜெயிச்சவன் நீ ஒருத்தன்தாண்டா."

"நான் தூங்கல பாய். யோசிச்சிக்கிட்டு இருந்தேன்."

"கொறட்ட வுட்டா யோசிப்ப?"

இன்று வரை என் கருத்து, இந்தத் தொடர் எட்டிய உச்சம் அந்தக் கதவுதான். பொறுத்து நின்றால் திறக்கும் என்று ஒரு கேம் சொன்னது. எனக்குப் பொறுக்கத் தெரியவில்லை என்பது அதே வருடம் தெரிந்தது.

மூன்றாம் பாகத்தின் சுவரொட்டி வந்தது. தமிழ் நாயகர்களுக்கு எங்கள் ஊரில் கட்டவுட் உண்டு, மாலை உண்டு, மன்றம் உண்டு. ஊமையனுக்கு எதுவும் இல்லை. இருந்தது நாங்கள் இருவர். பீங்கான் ஊரில் அவனுக்குப் பீங்கானில் ஒரு சிலை செய்து, படம் வருகிற வெள்ளிக்கிழமை டிக்கெட் கவுண்டரில் வைப்பது என்று முடிவு செய்தோம். தியேட்டர் மேனேஜர், "காசு கேக்காம எதை வேணா வெச்சிக்குங்க" என்று அனுமதி தந்தார்.

வேலு அடுத்த கம்பெனியில் கழித்துப்போட்ட போலீஸ்காரர் பொம்மை அச்சு ஒன்றைக் கேட்டு வாங்கினான். கூழ்மண்ணை ஊற்றி உருவத்தை எடுத்து, லத்தியை வெட்டி, மீசையை வழித்து, மேலங்கி போர்த்தினான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும், பத்து நாள். முகத்தில் தெரிவது கண்கள்தான். அவற்றை உடைந்த ரம்பத் துண்டால் கீறினான். அந்தக் கண்களில் பன்னிரண்டாவது அடிக்கு அப்புறமான தயக்கம் இருந்தது. நான் மிகைப்படுத்தவில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். சுவரொட்டியில் அவன் பாறையின் மேல் நிற்கிறான், சிலையும் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். திங்கட்கிழமை மதியம் கம்பெனிக்குப் போனேன். வேலு டீ வாங்கப் போயிருந்தபோது ஒரு பெரிய மண் உருண்டையை எடுத்து, கட்டைவிரலால் அமுக்கி அமுக்கி, பொம்மைக்கு அடியில் நானே பாறையை ஒட்டிவிட்டேன். அவன் வந்து பார்த்துவிட்டு டீயைக் கீழே வைத்தான்.

"அடியில ஓட்டை இருந்திச்சே, அது காத்து போவறதுக்குடா. அடைச்சிட்டியே."

"திரும்ப ஒண்ணு குத்திடு."

"குத்திடலாம். கல்லு மொத்தமா இருக்குது, உள்ளல்லாம் ஈரம். காய ஒரு வாரம் ஆவும். நாளைக்கு சூளை ஏத்தறோம். அடுத்த சூளையில வெச்சிக்கலாம்டா."

"அடுத்த சூளைக்குள்ள படத்தையே தூக்கிடுவான். வெள்ளிக்கிழம இல்லன்னா எதுக்கு?"

அவன் பாறையைத் தட்டிப் பார்த்தான். பிறகு, "சரி, பின்னால மறைவா வெக்கிறேன்" என்றான்.

இதில் ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். அந்தக் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள் முதலாளியின் சூளையில் தங்களுடைய சின்னப் பொருள் ஒன்றை வைத்துக்கொள்வார்கள். பிள்ளைக்கு ஒரு யானை, வீட்டுக்கு ஒரு விளக்கு. முதலாளி பார்த்தும் பார்க்காத மாதிரி போவார். ஒரே ஒரு நிபந்தனை, அது எலும்பாகக் காய்ந்திருக்கவேண்டும். ஈரம் உள்ளே போனால் நெருப்பில் ஆவியாகி வெடிக்கும், பக்கத்திலிருப்பதையும் கெடுக்கும். இது அங்கே கூட்டுகிறவருக்கும் தெரியும். வேலுவுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். சூளையைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் வேலையை விடப்போகிறார், பொங்கல் கழிந்ததும் அந்தப் பொறுப்பு உனக்குத்தான் என்று முதலாளி அவனிடம் சொல்லியிருந்தார். அதை அவன் அம்மா தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டிருந்தார். எனக்கும் இதெல்லாம் தெரியும்.

வியாழக்கிழமை மதியம் சூளை திறக்கிற நேரத்துக்கு, சிலையை வாங்கிக்கொள்ள ஒரு பழைய துண்டோடு போய் நின்றேன்.

கதவைத் திறந்தார்கள். பாறை வெடித்திருந்தது. சில்லுகள் பறந்து பியூஸ் கட்டைகளின் மேல் விழுந்து, மேல்பூச்சு உருகியபோது அதிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. தட்டைத் தாங்கிய ஒரு முட்டுக்கால் நகர்ந்து, தட்டு சரிந்து, கீழ்த்தட்டுச் சரக்கெல்லாம் ஒன்றோடொன்று பிடித்துப்போயிருந்தது. மறுநாள் லாரி ஏறவேண்டிய சரக்கு. முதலாளி கத்துகிற மனிதர் அல்ல. குனிந்து, கட்டைவிரல் பதிந்த ஒரு சில்லை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"ஏத்தினது யாரு?"

"நாந்தாங்க" என்றான் வேலு.

"காயலன்னு தெரியாதா உனக்கு?"

"தெரியுங்க."

"தெரிஞ்சி ஏன் வெச்ச?"

வேலு என் பக்கம் திரும்பவில்லை. முதலாளிதான் திரும்பினார்.

"நீ வாத்தியார் மவன்தான? நீ எங்க இங்க?"

"சும்மாதாங்க. வேலுவப் பாக்க வந்தேன்."

"பாத்தாச்சில்ல? கெளம்பு தம்பி. எங்களுக்கு வேல இருக்குது."

கிளம்பினேன். துண்டைச் சைக்கிள் கேரியரில் வைத்தேன். பெடலை மிதித்தேன். தொழிற்பேட்டையின் வாசல் வரைக்கும் திரும்பிப்போக நேரம் இருந்தது. அன்று நான் வாய் திறந்திருந்தால் வேலை தப்பியிருக்குமா? என் அப்பாவுக்கும் அவருக்கும் பழக்கம் உண்டு. இருவரையும் திட்டிவிட்டு விட்டிருக்கலாம். விடாமலும் போயிருக்கலாம். செய்தியாக எழுதினால், உறுதி செய்ய முடியவில்லை என்றுதான் எழுதவேண்டும். நான் பேசவில்லை என்பது மட்டும் உறுதி.

மறுநாள் படத்துக்குப் போனேன். ஆம், போனேன். முதன்முறையாகத் தமிழில் மொழிமாற்றம் செய்து வந்திருந்தது. பத்தாவது நிமிடத்தில் ஊமையன் வாய்த்துணியை அவிழ்த்தான், பேசினான். மெட்ராஸ் பாஷையில், நகைச்சுவையாக. தியேட்டர் விசிலடித்தது. அதற்கப்புறம் அவன் வாயை மூடவே இல்லை. ஒவ்வொரு அடிக்கும் ஒரு பஞ்ச் வசனம், ஒவ்வொரு சாவுக்கும் ஒரு ஜோக். முன்னிரண்டு பாகங்களில் அவன் செய்த எல்லாவற்றுக்கும் உட்கார்ந்து காரணம் வேறு சொன்னான். உப்பளத்தில் எதிரியைச் சுமந்தது, அவன் சட்டைப்பையில் ஒரு வரைபடம் இருந்ததாலாம். கேம் அதைவிட மோசம். கார் பந்தயம், காசு பொறுக்குதல், நின்றால் நேரம் தீர்ந்து சாவு. சாதிக் பாய் திரையைப் பார்த்துக்கொண்டே, "எங்க உன் கூட்டாளி?" என்றார். வெளியூர் என்றேன். "நல்லதாப் போச்சு. இதுல தூங்கினா செத்துடுவான்" என்றார்.

வெளியூர் என்று நான் பொய்யாகத்தான் சொன்னேன். இரண்டு நாளில் அது உண்மையாகிவிட்டது. வீட்டுக்குப் போனபோது அவன் அம்மா, "திருப்பூருக்குப் போயிட்டாம்பா. வூட்டுல இருக்க மாட்டேன்னுட்டான். உனக்குச் சொல்லலியா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் எந்த உள்நோக்கமும் இல்லை. அதனால்தான் இன்னும் நினைவிருக்கிறது.

அவனைப் பிறகு ஒருமுறைதான் பார்த்தேன். இரண்டாயிரத்துப் பத்து நெருங்குகிற சமயத்தில், வெள்ளாற்றில் வெள்ளம் வந்ததை எழுதச் சேத்தியாத்தோப்புக்குப் போயிருந்தேன். பேருந்து நிறுத்தத்தில் லோடு வேன் ஒன்றிலிருந்து இறங்கினான்.

"அட, வாங்க. பேப்பர்ல இருக்கறீங்களாமே. அம்மா சொன்னாங்க."

டீ குடித்தோம். வெள்ளம், நெல் விலை, அவன் பெண் குழந்தை. நான் ஆரம்பித்தேன். "வேலு, அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும்."

"வுடுங்க. மொதலாளி சாயங்காலம் தனியாக் கூப்புட்டுக் கேட்டாரு. இந்தக் கல்லு உன் கை இல்லியே, உன் கை எனக்குத் தெரியும், யாரு கைன்னு சொல்லு, வேலையில இருன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"என் கைதாங்கன்னேன்."

டீ கிளாஸை வைத்துவிட்டு, வேனில் கயிறு இறுகியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தான். எனக்குத் தெரிந்த ஒரே பேச்சைப் பேசினேன். "மூணாவது பாகம் பாத்தியா?"

"எதுல மூணாவது?" என்றான். பிறகு புரிந்து, "இல்லீங்க. அதுக்கப்பறம் எதுவும் பாக்கல. போயிட்டு வரேன்" என்றான்.

இப்போது அந்தத் தியேட்டர் கல்யாண மண்டபம். சாதிக் பாய் கடையில் செல்போனுக்கு உறை விற்கிறார்கள். வேலு வேலை செய்த கொட்டகை பூட்டிக் கிடக்கிறது. யாரிடம் கேட்டாலும் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். ஊமையன் படங்கள் ஒன்பதாகிவிட்டன. ஞாயிறு இணைப்பில் மூன்றாம் பாகம்தான் இருப்பதிலேயே மோசம் என்று ஆதாரத்தோடு எழுதியிருக்கிறேன். நாற்பது பேர் ஆமாம் என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்கள். நீ தப்பாகப் பார்த்திருக்கிறாய் என்று என்னிடம் சொல்லக்கூடியவன் ஒருவன்தான் இருந்தான். அவன் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை.