குடை விரிக்க ஓர் இடம்

யாங்கோனிலிருந்து பாலம் தாண்டித் தன்லியின் நகருக்கு வந்து, போர்த்துகீசியர் கோட்டை இருந்த மேட்டைப் பார்த்துவிட்டு, ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். கடைக்காரர் இங்கேயே பிறந்த தமிழர். பர்மிய மரியாதைச் சொல் சேர்த்து ஊரில் அவர் 'ஊ' மாரி.

"ஊர்க்காரங்களுக்கே பிடிக்காத அந்தக் கோட்டைக்கார அந்நியன், இங்க எப்படிங்க படையோட வந்து உக்காந்தான்?" என்று கேட்கிறேன்.

டீயை ஆற்றிக்கொண்டே வாசலைப் பார்க்கிறார். அங்கே குன்யா என்கிற வெற்றிலைக் கடை போட்டிருக்கும் பர்மாக்காரர் தலை நிமிராமல் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிறார்.

"தமிழ்லயே பேசுங்க, அவனுக்கு விளங்காது. மழைக்கு ஒரு குடை விரிச்சிக்கிறேன்னு கேட்டான். பாவம்னு விட்டேன். அப்புறம் மேசை போட்டான், தகரம் அடிச்சான், பூட்டும் போட்டுட்டான். இப்ப என் கடைக்கு யார் வர்றா, என்ன பேசறான்னு எவன்கிட்டயோ போய்ச் சொல்றான். இனிமே கெளப்ப முடியுமா? கோட்டைக்காரனும் மொதல்ல சரக்கு வைக்கத்தான் எடம் கேட்டிருப்பான்."

எனக்கும் அந்தக் குனிந்த தலை பிடிக்கவில்லை. எழுந்து வாசலுக்கு வருகிறேன். குன்யாக்காரர் மடித்த வெற்றிலையை என்னிடம் நீட்டுகிறார்.

"எங்க தங்கியிருக்கீங்க ஐயா?"

நல்ல தமிழ். உள்ளே டீ ஆற்றும் சத்தம் நின்றுவிடுகிறது.