குதிரை நிற்கும் இடத்தில் நானும் நிற்பேன்

எங்கள் குதிரையைப் பிடித்துக் கொடுத்தவர் என் பெரியையா, என் தகப்பனின் தமையன். ஊரில் இன்றைக்கும் சிலர் "சண்டைக் காலத்திலை பட்டாளம் பறிச்சுக்கொண்டு போனது" என்று சொல்கிறார்கள். பட்டாளம் எங்கள் வீட்டுப் படலையைத் திறந்ததே இல்லை. அதனால்தான் நடந்ததை நானே எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பதினாறு வயது. என்னைப் பெற்ற ஐயா மலாயாவில் ரயில்வேயில் வேலை பார்த்தார். சிங்கப்பூர் யப்பான்காரன் கையில் விழுந்த பிறகு அவரைப் பற்றி ஒரு சேதியும் வரவில்லை. அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனார் என்பதைச் சண்டை முடிந்த பிறகுதான் அறிந்தோம். அம்மா மருத்துவிச்சி. மானிப்பாய் ஆஸ்பத்திரியில் பயின்றவர். சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் பிள்ளைப்பேறு என்றாலும் எங்கள் படலைக்குத்தான் ஆள் வரும். பெற்றோல் கூப்பனுக்கு வந்ததும் வாடகைக் கார்கள் எல்லாம் கொட்டிலில் படுத்துவிட்டன. எங்கள் குதிரை வண்டில் மட்டும் ஓடியது.

அது நெடுந்தீவில் பிடித்த மட்டக்குதிரை. ஐயா கடைசியாக லீவில் வந்தபோது வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு வந்தது. மண்ணிறம், கட்டைக் கால், நெற்றியில் சுண்ணாம்பு தொட்டதுபோல ஒரு வெள்ளை. நாங்கள் பேர் வைக்கவில்லை. வீட்டில் 'பெட்டை' என்றால் அவள்தான். வந்த புதிதில் என் தோளைக் கடித்தாள். நான் அழவில்லை, அவளை விட்டு விலகவும் இல்லை. அடுத்த மாரிக்குள் நான் கிணற்றடிக்குப் போனால் அவளும் பின்னால் வருவாள். வேறு ஆர் வாளி நீட்டினாலும் வாய் வைக்கமாட்டாள்.

வண்டிலை ஓட்ட ஆம்பிளை இல்லை என்பதால் நானே ஓட்டினேன். பட்டாளத்து லொறிகள் எதிரே புழுதி கிளப்பிக்கொண்டு வந்தால் பெட்டை நடுங்குவாள். நான் குதித்து இறங்கி, அவள் முகத்தை என் நெஞ்சோடு அணைத்து, தாவணித் தலைப்பால் கண்ணை மூடுவேன். லொறி போகும்வரை அவள் மூச்சு என் வயிற்றில் சூடாகப் படும். பிறகு ஒரு செருமல். போகலாம் என்று அர்த்தம்.

சந்தியில் நிற்கிறவர்கள் என்னைக் 'குதிரைக்காரி' என்றார்கள். குதிரைக்காரி எண்டால் குதிரை இருக்கிறவள்தானே என்று நான் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். பெரியையாவால் சிரிக்க முடியவில்லை. வடக்கே விமானத்தளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கல்லும் சல்லியும் இழுக்க மாடு, குதிரை, எது அகப்பட்டாலும் வேலையைக் குத்தகைக்கு எடுத்த கொந்தராத்துக்காரருக்கு வேண்டியிருந்தது. ஐயா இல்லாத வீட்டுக்குத் தானே தலை என்று பெரியையா முடிவெடுத்து, ஒரு காலை ஆள் கூட்டிவந்தார்.

"பொம்பிளைப்பிள்ளை வண்டில் ஓட்டினது காணும். குதிரை வேலைக்குப் போகட்டும்," என்றார்.

"அம்மா எப்பிடிப் போறது?" என்று கேட்டேன்.

"நடக்கட்டும். முந்தின காலத்து மருத்துவிச்சியள் நடக்கேல்லையே?"

அம்மா வண்டிலுக்குள் இருந்த தன் பையை எடுத்து உள்ளே கொண்டுபோனார். கணவன் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாத ஒரு பெண், கணவனின் தமையனோடு என்ன பேசுவது? பெட்டை வீட்டு முன் ஒழுங்கைத் தெரு முடியும்வரை கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு போனாள்.

அதன் பிறகு அம்மா நடந்தார். ஒரு நாள் உச்சி வெயிலில், இரண்டு ஊர் தள்ளி ஒரு தோட்டக்கார வீட்டிலிருந்து ஆள் வந்தது. போன அம்மா பொழுது சாயும் நேரம் திரும்பி வந்து, காலைக்கூடக் கழுவாமல் முற்றத்தில் இருந்தார்.

"கொடி கழுத்திலை சுத்திக் கிடந்தது, பிள்ளை," என்றார். "நான் போய்ச் சேரேக்கை எல்லாம் முடிஞ்சுது. ஆம்பிளைப் பிள்ளை."

செருப்பில்லாத அவர் காலைப் பார்த்தேன். சூட்டில் தோல் பொங்கியிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அது இன்றைக்கும் முழுதாக ஆறவில்லை.

அடுத்த நாள் விடிய, அம்மாவிடம் சொல்லிவிட்டே கிளம்பினேன். அவர் தடுக்கவில்லை. ஒரு பனங்கட்டித் துண்டைத் தாளில் சுற்றித் தந்து, "அவளுக்கு," என்றார்.

விமானத்தளத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளைக் கல். தோட்டங்களை மட்டமாக்கி வழித்திருந்தார்கள். நூற்றுக்கணக்கான ஆண்கள், மாட்டு வண்டில்கள், தார் கொதிக்கும் மணம். பெட்டையைக் கண்டுபிடிக்க நேரம் எடுக்கவில்லை. அவள்தான் என்னை முதலில் கண்டாள். கல் ஏற்றிய வண்டிலோடு என் பக்கம் திரும்பி நடக்கத் தொடங்க, ஓட்டியவன் கத்தினான். அவள் கழுத்தில் நுகம் பட்ட இடம் உரிந்து ஈ மொய்த்தது. விலா எலும்பு தெரிந்தது.

நான் போய்க் கடிவாளத்தைப் பிடித்தேன். கங்காணி ஓடிவந்தார்.

"நீ ஆர் பிள்ளை?"

"இந்தக் குதிரையின்ரை ஆள்."

"இஞ்சை பொம்பிளையள் நிக்கேலாது. போ வீட்டை."

"அவிட்டுத் தாங்கோ, இப்பவே போறன். இல்லையெண்டால் குதிரை நிக்கிற இடத்திலை நானும் நிப்பன்."

அவர் சிரித்தார். வெயில் தாங்காமல் போய்விடுவேன் என்று நினைத்திருப்பார். நான் போகவில்லை. பாதிக் கல்லை என் கையாலேயே இறக்கினேன். நுகம் படும் இடத்தில் சாக்கை மடித்து வைத்தேன். வண்டிலுக்கு முன்னால் நானே நடந்தேன். ஒரு விமானம் தலைக்கு மேலே இரைந்துகொண்டு இறங்கியபோது பெட்டை பின்னங்காலில் எழும்பினாள். தாவணியால் கண்ணை மூடினேன். கல்லுடைத்துக்கொண்டிருந்தவர்கள் கை ஓய்ந்து எங்களைப் பார்த்தார்கள். பின்னேரம் வீட்டுக்குப் போய், விடிய மறுபடி வந்தேன். அதற்கடுத்த நாளும் வந்தேன். கங்காணி கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். ஒரு துரைகூட வந்து தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டுப் போனார். ஒரு பெட்டைப்பிள்ளையைக் கையில் பிடித்து இழுக்க அங்கே எவருக்கும் துணிவில்லை.

எனக்கு அது தெரியும். அதை நம்பித்தான் போனேன்.

கதை ஊருக்குப் பரவியது. நல்ல குடும்பத்துப் பிள்ளை, ஆம்பிளையளுக்கு நடுவிலை கல் வண்டில் இழுக்கிறாள் என்று. பெரியையா சைக்கிளில் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

"எடியே, உனக்கு வெக்கம் மானம் இல்லையே? சனம் என்னைப் பாத்துச் சிரிக்குது!"

"சிரிக்கட்டும். அம்மா கால் வெந்து நடக்கேக்கை ஒருதரும் சிரிக்கேல்லை."

"உன்னை இனி ஆர் கட்டுவான்?"

"அது பிறகு பாப்பம். நீங்கள் சொன்னால் குதிரையை விடுவினம். சொல்லாட்டில் நாளைக்கும் வருவன். சண்டை முடியுமட்டும் வருவன்."

அவர் என்னைப் பார்த்தார். சுற்றி நின்ற ஆண்களைப் பார்த்தார்.  பிறகு சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, கங்காணியிடம் போய்த் தாழ்ந்த குரலில் ஏதோ கதைத்தார்.

பெட்டையை நான்தான் அவிழ்த்தேன். பனங்கட்டியின் கடைசித் துண்டைக் கொடுத்து, ஊர் நடுவால், எல்லார் வீட்டு வாசலையும் கடந்து நடத்திக்கொண்டு வந்தேன். சுற்றுவழி இருந்தது. நான் அதால் போகவில்லை.

புண் ஆற மாரி வந்துவிட்டது. ஆறிய இடத்தில் மயிர் வெள்ளையாக முளைத்தது. மறுபடி அம்மாவை ஏற்றிக்கொண்டு ஓடினோம். பெரியையா எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார். ஆனால் அவருடைய மகளுக்குப் பேறு வந்தபோது ஆள் அனுப்பினார். போனோம். அம்மா தாயையும் பிள்ளையையும் காப்பாற்றிக் கொடுத்தார். நான் அந்த வளவுக்குள் இறங்கவில்லை, படலையடியில் குதிரையோடு நின்றேன். பெரியையா ஒரு செம்பில் மோர் கொண்டுவந்து நீட்டினார். குடித்தேன். 

சண்டை முடிந்த வருடம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எல்லாம் பிடித்திருந்தது அவர்களுக்கு. மாப்பிள்ளையின் தாய் மட்டும், "பிள்ளை இனி வண்டில் ஓட்டாதுதானே?" என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மா வாய் திறப்பதற்கு முன்னால் நான் சொன்னேன்: "ஓட்டுவன்."

அவர்கள் கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனார்கள். அம்மா கோப்பைகளை எடுத்து அடுக்கியபடி, "ஓட்டத்தானே வேணும்," என்றார்.