டீமேக்கரின் அர்மகெடான்

ஓப்பநாயக்க ஊரைத் தாண்டி நான் வந்த பஸ் நிற்கிறது. முன்னால் தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி ஒன்று சேற்றில் புதைந்து பாதையை அடைத்திருக்கிறது. சாக்குக்குள்ளேயே கொழுந்து சூடேறினால் இன்றைக்குப் பறித்ததெல்லாம் வீண். அதனால் கொழுந்து பறித்த பெண்கள் சாக்குகளை அவிழ்த்து, தார்ப்பாயில் உதறிக் காற்றாட விடுகிறார்கள். தோட்டத் தொழிற்சாலையில் தேயிலைப் பக்குவம் பார்க்கும் டீமேக்கர் குடையை ஆட்டி ஆட்டிக் கத்துகிறார்: "அர்மகெடான்! டோட்டல் அர்மகெடான்!"

ஆங்கிலத்தில் உலகமே அழியும் கடைசி யுத்தத்துக்கு வைத்த பெயர் அது. காலையில் ஜன்னல் சீட் கிடைக்காதபோது நானும் அதையேதான் சொன்னேன் என்பதால், அவரைத் திருத்தப் போகவில்லை.

"ஐயா எப்பவும் இப்படித்தானா அக்கா?" கொழுந்து உதறும் பெண்ணிடம் கேட்கிறேன்.

"தேத்தண்ணியில சீனி கொறஞ்சாலும் அதேதாங்க. எங்க லயத்து வீடுங்க மேல மண்ணு சரிஞ்சன்னிக்கு மட்டும் ஒரு வார்த்த பேசல. புள்ளைங்கள தூக்கிகிட்டு வந்துகிட்டே இருந்தாரு. அவரு கத்துற வரைக்கும் பயமில்லீங்க."

திடீரென்று அவர் கத்துவது நிற்கிறது. அத்தனை பெண்களும் கைவேலையை விட்டுத் திரும்புகிறார்கள். டீமேக்கர் சூட்டில் சிவந்துபோன ஒரு பிடி கொழுந்தை மூக்கருகே வைத்தபடி நிற்கிறார். பிறகு அதைத் தார்ப்பாயில் போட்டுவிட்டு, கால்சட்டைப் பையிலிருந்து வெற்றிலையை எடுத்து நிதானமாக மடிக்கிறார்.