தொட்டி தோண்டிய வாரத்துப் பக்கங்கள்

ஊரில் எல்லோரும் அவரை எக்ஸ்சேஞ்ச் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்ப்பட்ட ரகசியம் காதில் விழுந்தும் ஒன்றைக்கூட வெளியே விடாத மனுஷி என்று பெயர். அந்தப் பெயருக்காகவே பாப்டிஸ்ட் சபையார் அவரைச் செயலாளர் ஆக்கினார்கள். ஒரு காலத்தில் அவருடைய அப்பா பார்த்த பொறுப்பு அது.

சபைக்கு எழுபத்தைந்து வருஷம் நிறையப் போகிறது, வரலாற்றை எழுதி அச்சடிக்க வேண்டும் என்று முடிவானபோது, வேலை நேரே அக்காவின் தலையில் விழுந்தது. போதகர் அறை பீரோவிலிருந்து பழைய கூட்டக் குறிப்பு நோட்டுகளை இறக்கி, பிற்பகல்தோறும் உட்கார்ந்து படித்தார். சோப்புக் கிடங்கு ஒன்றில் பத்தொன்பது பேர் கூடி ஆரம்பித்த சபை. முழுக்கு ஞானஸ்நானத்துக்கு அப்போதெல்லாம் ஏரிக்குத்தான் போவார்கள். ஒருமுறை, போதகர் தண்ணீரில் நிற்கும்போது அவருடைய செருப்பை நாய் கவ்விக்கொண்டு ஓடியதைக்கூட விடாமல் எழுதியிருந்தார்கள். அக்கா தனியாகச் சிரித்தார்.

நாற்பத்தாறு வருஷத்துக்கு முந்தைய நோட்டைத் திறந்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று.

ஏரி வேண்டாம், பிரசங்க மேடைக்கு அடியிலேயே தொட்டி கட்டிக்கொள்ளலாம் என்று குழி தோண்டிய வாரம் அது. மண் சரிந்து கொத்தனார் செத்துப்போனார். இறங்காதே என்று சொல்லியும் கேட்காமல் அவராகத்தான் இறங்கினார் என்றார், சபை நிர்வாகத்தைக் கவனித்த அன்றைய மூத்த டீக்கன். விரட்டி இறக்கியது டீக்கன்தான் என்று சபைக் கூட்டத்தில் எழுந்து சொன்னார் கொத்தனாரின் மனைவி. பொய்சாட்சி சொன்னார் என்று எல்லோரும் கை தூக்கி, அந்த அம்மாவை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். இவ்வளவும் ஊரறிந்த சங்கதி. நீக்கிய தீர்மானத்துக்கு நாலு பக்கம் முன்னால் இருந்ததுதான் யாருக்கும் தெரியாது. அது டீக்கன்மார் கூட்டக் குறிப்பு.

"மண் ஈரம் காய இரண்டு நாள் அவகாசம் வேண்டுமெனக் கொத்தனார் கேட்டார். தொட்டித் திறப்புக்குக் குறித்த தேதி தவறிவிடும் என்பதால் மறுக்கப்பட்டது. நாளையே இறங்க வேண்டுமென மூத்த டீக்கன் உத்தரவிட்டார்."

இரண்டு பக்கமும் ஒரே கையெழுத்து. அப்பாவின் கையெழுத்து.

பதினாறு வயதில் அக்காவும் அந்தத் தொட்டியில்தான் முழுகி எழுந்தவர்.

போதகரிடம் காட்டினார். அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு, சொல்லத்தான் வேண்டும், ஆனால் இந்த வருஷமேவா என்று இழுத்தார். விஷயம் சாயங்காலத்துக்குள் மரக்கடைக்குப் போய்விட்டது. இன்றைய மூத்த டீக்கன் அந்த மரக்கடைக்காரர்தான். அன்றைய டீக்கனின் மகன். அக்காவின் தம்பி அறுப்பு மெஷின் ஓட்டுவதும் அவரிடம்தான்.

மறுநாள் மரக்கடைக்காரர் வீட்டுக்கே வந்தார். வைத்த டீயைத் தொடவில்லை.

"எங்க அப்பா பேர் மட்டுமா கெடும்? தெரிஞ்சே எழுதி மூடினார்னு உங்க அப்பா பேரும்தான் நாறும்."

"நாறத்தான் செய்யும்," என்றார் அக்கா.

"உங்க தம்பி இருபது வருஷமா என்கிட்ட நிம்மதியா இருக்கான்," என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார்.

தம்பி சத்தம் போடவில்லை. தனக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது, இனி யார் கூப்பிட்டு வேலை தருவார்கள் என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அதன்பிறகு ஒரே வீட்டில் இருவரும் முகம் பார்க்காமல் சாப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை அக்கா போனபோது போதகர் அறையில் புதுப் பூட்டு தொங்கியது. நல்லவேளையாக, போதகரிடம் காட்டிய அன்றே எடுத்துவந்த அந்த நோட்டு அக்கா வீட்டில், புடவைகளுக்கு அடியில் இருந்தது. அன்று முதல் வீட்டை விட்டு வெளியே போகவே பயந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து உறுப்பினர் கூட்டம் கூடியது. அக்கா இரண்டு பக்கத்தையும் வாசித்தார். முப்பது வருஷம் "நம்பர் ப்ளீஸ்" கேட்ட குரல், அன்று இரண்டு இடத்தில் தடுக்கியது. எழுதியது தன் அப்பா என்றும் சொன்னார். பிறகு, கொத்தனார் மனைவியின் பெயரைத் திரும்பச் சேர்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார்.

வழிமொழிய யாராவது உண்டா என்று போதகர் கேட்டார். ஒருவரும் அசையவில்லை. தம்பி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை கேட்டபோது மரக்கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்றாம் முறையும் இல்லையென்றால் தீர்மானம் தள்ளுபடி.

கடைசி வரிசையில் பெஞ்சு கிறீச்சிட்டது. ஓய்வு பெற்ற கம்பவுண்டர், காது மந்தமான பெரியவர், முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அன்னைக்குக் கை தூக்கினவங்கள்ல உயிரோட இருக்கிறது நான் ஒருத்தன்தான். பக்கத்துல இருந்தவர் தூக்கினார், நானும் தூக்கிட்டேன். வேற காரணம் ஒண்ணும் இல்ல. நான் வழிமொழியறேன்."

ஆதரவு நாற்பத்தொன்று, எதிர்ப்பு முப்பத்தெட்டு. தம்பி எதற்கும் கை தூக்கவில்லை. எண்ணிக்கையை அறிவித்து முடிப்பதற்குள் மரக்கடைக்காரரும் அவரோடு ஒன்பது குடும்பங்களும் எழுந்து வெளியேறினார்கள். அவர்கள் இப்போது மரக்கடைக் கொட்டகையில் தனியாகக் கூடுகிறார்கள்.

திங்கட்கிழமை அக்காவும் கம்பவுண்டரும் பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை வீட்டுக்குப் போனார்கள். கொத்தனாரின் மனைவிக்கு எழுபத்தெட்டு வயது. உட்காரச் சொல்லவில்லை. மன்னிப்புத் தீர்மானத்தைக் காதிலேயே வாங்கவில்லை.

"அவர் ரெண்டு நாள் கேட்டார்னு எழுதியிருக்கா?"

"எழுதியிருக்கும்மா."

"இன்னொரு தடவை படி."

அக்கா மூன்று தடவை படித்தார். யார் எழுதியது என்று அந்த அம்மா கேட்டார். எங்க அப்பா என்றார் அக்கா.

"தெருவுல என்னைப் பாத்தா அந்த மனுஷன் தலையைக் குனிஞ்சுக்குவார். கர்வம்னு நெனச்சேன்." பிறகு, "பேரைச் சேத்துக்கோங்க. வர்றதும் வராததும் என் இஷ்டம்," என்றார்.

கடைசிவரை அவர் வரவில்லை. வரலாறு அந்த இரண்டு பக்கங்களோடுதான் அச்சாயிற்று. தம்பியை மெஷினிலிருந்து மரம் சுமக்க மாற்றினார்கள். ஒரு மாதம் பார்த்துவிட்டு நின்றுகொண்டார், பக்கத்து ஊரில் ஜன்னல் செய்யும் பட்டறையில் சேர்ந்தார். அக்காவிடம் மறுபடி பேச அவருக்கு ஆறு மாதம் பிடித்தது. முதலில் பேசியது சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றி.