‘தம்பி’ என்பதற்கு ஆதாரம் இணைக்கவும்

எபனேசர் இறந்த செய்தி எனக்கு வாட்ஸாப்பில் வந்தது. நம் ஓய்வுபெற்றோர் குழுவில், யாரோ ஒருவருடைய பேரனின் பிறந்தநாள் கேக்குக்கும் வேறொருவர் அனுப்பிய மூட்டுவலி வைத்தியத்துக்கும் நடுவே அது கிடந்தது. கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்தன. அவசரத்தில் ஒருவர் கேக்குக்கும் கைகூப்பியிருந்தார். நம்புவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஆரோக்கியசாமி போன் செய்தார்.

“சார், அண்ணன் போயிட்டாரு. பௌர்ணமி கிரிவலக் கூட்டம்னு பஸ்ஸ திண்டிவனம் ரோட்டுலயே நிறுத்திட்டான். நடந்து வந்துட்டிருக்கேன். நீங்க முன்னாடி போயி அவரு பக்கத்துல உக்காருங்க.”

வேங்கிக்கால் அலுவலகத்தில் நம்மோடு இருந்தவர்களுக்கு இந்த இருவரையும் தெரியும். பின்னால் வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். எபனேசர் நம் பிரிவின் கண்காணிப்பாளர், புராட்டஸ்டண்டு. ஆரோக்கியசாமி அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், கத்தோலிக்கர். இருவருடைய அம்மாக்களும் அக்கா தங்கை. ஆரோக்கியசாமியைப் பெற்ற தங்கை இளம் வயதிலேயே இறந்துவிட, எபனேசரின் அம்மாவான அக்காதான் இரண்டு பையன்களையும் வளர்த்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருவரும் வேறு வேறு கோயிலுக்குப் போனார்கள். மற்ற ஆறு நாளும் அதைப் பற்றிச் சண்டை போட்டார்கள்.

சண்டை ஒன்றுதான். கன்னியாக இருந்தே மரியாள் இயேசுவைப் பெற்றார் என்பதில் இருவருக்கும் சந்தேகம் இல்லை. அதற்குப் பிறகு அவருக்கு வேறு பிள்ளைகள் பிறந்தார்களா என்பதில்தான் வழக்கு. மாதா கடைசிவரை கன்னி என்பது ஆரோக்கியசாமியின் கட்சி. சுவிசேஷத்தில் இயேசுவின் சகோதரர்கள் நாலு பேர் பெயரோடு இருக்கிறார்களே, அவர்கள் யார் என்பது எபனேசரின் கேள்வி. சித்தி, பெரியம்மா பிள்ளைகள் என்பார் ஆரோக்கியசாமி.

“என்னை யாருகிட்டயாவது சித்தி பையன்னு சொல்லியிருக்கீங்களாண்ணா? தம்பின்னுதானே சொல்றீங்க?”

“அது என் பெருந்தன்மைடா. அதை வேதத்துல சேக்காத.”

ஒருநாள் எபனேசர், இயேசு பிறக்கும்வரை யோசேப்பு மனைவியோடு கூடவில்லை என்றுதானே எழுதியிருக்கிறது, அப்படியானால் பிறந்த பிறகு என்ன என்று கேட்டார். ஆரோக்கியசாமி யாருடைய பட்டாவையோ நகல் எடுத்துக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ரிட்டையர் ஆகற வரைக்கும் லஞ்சம் வாங்க மாட்டேன்னு சொல்லிட்டிருக்கீங்களே. ரிட்டையர் ஆனப்புறம் வாங்கப் போறீங்களா?” எபனேசர் மூன்று நாள் அந்தக் கடைப்பக்கம் போகவில்லை.

ஒரு கிறிஸ்துமஸ் சமயத்தில் எபனேசரின் சபைக்கு இளம் பிரசங்கி ஒருவர் வந்தார். ‘கன்னி’ என்று தீர்க்கதரிசி சொன்ன வார்த்தைக்கு வெறும் இளம்பெண் என்றுதான் பொருள், கன்னிப் பிறப்பை அடையாளமாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விளக்கினாராம். மறுநாள் மதியம் எபனேசர் கடையில் நின்று சத்தம் போட்டார். கோபத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். “நானும் என் தம்பியும் அவங்களுக்கு எத்தனை பிள்ளைன்னு சண்டை போடறோம். முதல் பிள்ளை எப்படி வந்துச்சுன்னு எங்களுக்குள்ள சண்டையே இல்ல சார்.” ஆரோக்கியசாமி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அண்ணனுக்குத் தண்ணீர் கொடுத்தார். சமாதானமாக நான் ஒன்று சொன்னேன்: எங்கள் மலை நெருப்புத் தூணாக நின்றது என்கிறார்கள், நான் கேள்வி கேட்பதில்லை. எபனேசர் சொன்னார்: “உங்க கதையில அளவெடுக்கப் போனவங்க ரெண்டு பேரும் தோத்துட்டாங்க. எங்க ஆளுங்க டேப்ப எடுத்துட்டு இன்னும் அலையறாங்க.”

ஆரோக்கியசாமியின் மகளுக்கு ஞானஸ்நானம். ஞானத்தகப்பனாக அண்ணன் நிற்க வேண்டும் என்பது அவர் ஆசை. அவருடைய கோயிலின் பங்கு அலுவலகத்தில் முடியாது என்றார்கள். வேறு சபைக்காரர் நிற்கக் கூடாது என்பது விதி. விதியை நான் குறை சொல்ல மாட்டேன். விதியைக் காட்டி மக்களைத் திருப்பி அனுப்பித்தான் நானும் சம்பளம் வாங்கினேன். ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தவர் விதியோடு நிற்கவில்லை. “அப்படியே பார்த்தாலும் உங்க சொந்த அண்ணன் இல்லையே” என்று ஒரு வாக்கியத்தைக் கூடுதலாகச் சேர்த்தார். எபனேசர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குழந்தையைப் பார்த்துவிட்டு வந்தார். பஸ்ஸில் என்னிடம் சொன்னார்: “ஆண்டவருக்கு சித்தி பையன் தம்பி ஆகலாமாம் சார். எனக்கு மட்டும் ஆகக் கூடாதாம்.”

அவர்களுடைய அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எபனேசருக்குத் தொலைதூர மாவட்டத்துக்கு மாற்றல் வந்தபோது அந்த அம்மா படுக்கையில் இருந்தார். கீழ்பென்னாத்தூரில் ஆரோக்கியசாமி வீட்டில்தான் கடைசிவரை இருந்தார். குளிப்பாட்டியது, புரட்டிப் படுக்கவைத்தது, கஞ்சி ஊட்டியது எல்லாம் ஆரோக்கியசாமியும் அவர் மனைவியும். எபனேசர் சனிக்கிழமைகளில் வந்து பார்த்துவிட்டுப் போவார்.

ஆரோக்கியசாமியிடம் பலமான வாதம் ஒன்று உண்டு. சிலுவையில் தொங்கும்போது இயேசு தன் தாயைச் சீடர் ஒருவரிடம் ஒப்படைத்தார். வயிற்றில் பிறந்த வேறு பிள்ளைகள் இருந்திருந்தால் வெளியாளிடம் விடுவாரா? அம்மா இறந்த பிறகும் இதை அவர் வெள்ளந்தியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் எபனேசர், “யோசிக்கணும்டா” என்று சொல்லிவிட்டு டீயைக் குடிப்பார். எனக்குப் பொறுக்கவில்லை. பதில் கண்ணெதிரே இருக்கிறதே, உங்கள் அம்மாவுக்குச் சொந்த மகன் நீங்கள் இருந்தும் அவர் வேறு வீட்டில்தானே இருந்தார், அதைச் சொல்ல வேண்டியதுதானே என்று தனியாகக் கேட்டேன்.

“எனக்குத் தெரியாதா சார்? அத சொன்னா நான் ஜெயிச்சுடுவேன். ஆனா அவன் எங்கம்மாவுக்குப் பிள்ளை இல்லைன்னு ஆயிடும் இல்ல?”

அவர் சொல்ல மறுத்த அந்த வாக்கியத்தை அவருடைய சபை அவருடைய அடக்கத்தன்றே சொன்னது.

எபனேசருக்கு மனைவி முன்பே போய்விட்டார், குழந்தைகள் இல்லை. அடக்க ஆராதனையில் குடும்பத்தின் சார்பில் ஒருவர் நாலு வார்த்தை பேசுவது வழக்கம். ஆரோக்கியசாமி பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதி, ஜெபமாலையோடு கையில் வைத்துக்கொண்டு நின்றார். கல்லறைக் கமிட்டிச் செயலாளர் பக்கத்தில் வந்தார். முதலில், “அந்த ஜெபமாலைய பாக்கெட்டுல போட்டுக்குங்க” என்றார். ஆரோக்கியசாமி போட்டுக்கொண்டார். பிறகு, “பேசறது சொந்தத் தம்பியா இருந்தா பரவால்ல. நீங்க சித்தி பையன்தானே” என்றார். ஆரோக்கியசாமி தாளையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

சென்னையிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞர் பேசினார். பெரியப்பா பேங்கில் நேர்மையாக உழைத்தவர் என்றார். எபனேசர் ஒரு நாளும் பேங்கில் வேலை பார்த்ததில்லை. இவர் எபனேசரின் சித்தப்பா மகனுடைய மகன். சித்தி மகனைவிட ஒரு தலைமுறை தள்ளி. ஆனால் சபை சரியான சபை. தாயைப் பற்றி இத்தனை வாதம் செய்யும் மதத்தில் தாய்வழி உறவு செல்லாது என்பதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஆரோக்கியசாமி கல்லறைக்குக் கல் நட மட்டும் அனுமதி கேட்டார். கல்லில் பொறிக்க வேண்டியதைத் தன் கடையிலேயே டைப் செய்து கொடுத்தார். ஒரே வரி. அது திரும்பி வந்தது. ‘தம்பி’ என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம். ஓரத்தில், “உறவுமுறைக்கு ஆதாரம் இணைக்கவும். இல்லையேல் ‘உறவினர்’ எனத் திருத்தவும்.”

நான் செயலாளரைப் போய்ப் பார்த்தேன். அவரும் நம் அலுவலகத்தில் இருந்தவர்தான். பெயர் சொல்ல மாட்டேன். இதைப் படிப்பார், தெரிந்துகொள்வார்.

“சார், நீங்க எங்க ஆளு இல்ல, உங்களுக்குப் புரியாது. இன்னிக்கு ஆர்.சி. ஆளு தம்பின்னு கல்லுல ஏறுவாரு. நாளைக்கு மாதா படம் வெக்கணும்னு வருவாரு.”

“அவர் படம் கேட்டாரா?”

“கேக்கல. கேப்பாரு.”

உண்மைதான், எனக்குப் புரியவில்லை. ஒரு தாய்க்கு எத்தனை பிள்ளைகள் என்று கூட்டிப்பார்ப்பதில் இவ்வளவு கவனமாக இருப்பவர்கள், ஒரு பிள்ளையைக் கழிப்பதற்கு ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்வதில்லை.

திரும்பும் வழியில் கல்லறைத் தோட்டத்துக்குள் போனேன். எபனேசரின் மண்மேட்டுக்குப் பக்கத்தில் அவருடைய அம்மாவின் கல் இருக்கிறது. அதை நட்டவர் எபனேசர். அந்த அம்மாவின் பெயருக்குக் கீழே, கொஞ்சம் பாசி படிந்து, இப்படிப் பொறித்திருக்கிறது: மகன்கள் எபனேசர், ஆரோக்கியசாமி. சகோதரன் என்றால் ஒரே வயிற்றில் பிறந்தவன்தான் என்று ஆயுள் முழுக்க வாதாடிய மனிதர் செய்த வேலை இது. அப்போதிருந்த கமிட்டி ஆதாரம் கேட்கவில்லை போலிருக்கிறது.

நேராகக் கடைக்குப் போய் ஆரோக்கியசாமியைப் பிடித்துக்கொண்டேன். “கையில அம்மா கல்ல வெச்சுக்கிட்டு ஏன்யா சும்மா இருக்க? போயி காட்டு.”

“காட்டினா அதையும் திருத்தணும்னு உளிய எடுத்துட்டு வருவாங்க சார்.”

நான் எழுதப்போகிறேன் என்றேன். அவர் மெஷினைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “எழுதுங்க சார். நான் தெனம் சாயங்காலம் அங்க போறேன். உளியோட வந்தா பாத்துக்கலாம்.” நானும் இப்போது அவரோடு போய்க்கொண்டிருக்கிறேன் என்பதைச் செயலாளரின் தகவலுக்காகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஜெயிக்கிற வாதத்தைச் சொல்லாமல் டீ குடித்தாரே, எபனேசரிடமிருந்து அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொள்ள விரும்பினேன். இந்தக் கட்டுரையே அது எனக்கு வரவில்லை என்பதற்கு ஆதாரம், இணைத்துக்கொள்ளவும். அவர் நினைவாக என்னிடம் இருப்பது ஒரு தாள். கமிட்டி திருப்பி அனுப்பியதை ஆரோக்கியசாமி எனக்கும் ஒரு நகல் எடுத்துக் கொடுத்தார். ‘அண்ணன் எபனேசருக்கு, தம்பி ஆரோக்கியசாமி.’ அவருடைய மெஷினில் கலர் விழாது. சிவப்பு வட்டம் கறுப்பாக விழுந்திருக்கிறது. விஷயம் தெரியாதவர்கள் பார்த்தால், இந்த வரியில் இந்தச் சொல்தான் முக்கியம் என்று யாரோ குறித்து வைத்திருப்பதாக நினைப்பார்கள்.