தொடாத பானட்

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் அந்த கியர்பாக்ஸ் மெக்கானிக்கைத் துணைக்கு அழைத்துப் போவார்கள். அவர் முதல் வேலையாக பானட்டைத் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால், "காலையில வர்றேன், அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று திரும்பிவிடுவார். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் நோய் சூட்டில் ஒளிந்துகொள்ளும், ஆறினால்தான் குட்டு வெளிப்படும் என்பது அவர் கட்சி.

மனைவியின் தம்பி தன் பழைய ஆட்டோமேட்டிக் டீசல் வேகனை அவருக்கு விற்றபோது மட்டும் அவர் பானட் பக்கமே போகவில்லை. சொந்த மச்சினனையே சந்தேகப்பட்டால் அப்புறம் என்ன உறவு? வாசலில் வண்டி உறுமிக்கொண்டு தயாராக நின்றது. ஒரு சுற்று ஓட்டினார். வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. அன்றைக்கே வீட்டுக்கு ஓட்டிவந்துவிட்டார்.

மறுநாள் காலையில் கியர் லீவரை, வண்டியை முன்னால் நகர்த்தும் 'டி'யில் போட்டார். வண்டி இடித்த புளி மாதிரி நின்றது. மிதிக்க மிதிக்க இன்ஜின் கத்தியதே தவிர சக்கரம் அசையவில்லை. பிறகு, யாரோ பின்னாலிருந்து எட்டி உதைத்தது போல் துள்ளியது. அவர் வீட்டுக்குள் வந்து மச்சினனுக்கு போன் போட்டார்.

"ஏன்டா, நான் வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடாக்கி வச்சிருந்தியா?"

"நீங்க பானட்டைத் தொட்டுடுவீங்கன்னு பயந்துட்டேதான் இருந்தேன் மாமா. அக்காதான், 'உன் வண்டியை அவரு தொட்டுப் பாக்க மாட்டாரு, தைரியமா ஓட்டி வை'ன்னா."

"அக்காவா?"

அடுக்களையில் பாத்திரம் கழுவும் சத்தம் சட்டென்று நின்றது.